நாள் பார்த்துக் கொம்பைல் பண்ணிய கதை

எங்கள் கூட்டுறவுச் சங்கம் மலர் ஒன்று போடப்போகிறதாம். "யோகாக்கா, கணினிப் பகுதியின்ரை வளர்ச்சியைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்று, என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி தொலைபேசியில் கேட்டார். வளர்ச்சி என்ன வளர்ச்சி! நான் ஓய்வுபெற்று வரும்போது ஆடிக்கொண்டிருந்த மேசை இன்னும் ஆடிக்கொண்டுதான் நிற்கிறது. அவர் விடவில்லை. "இப்ப எல்லாம் ஒரு பொத்தானை அமத்தினால் வந்து இறங்குது. நீங்கள் ஏன் அக்கா உந்தச் சொவ்ற்வெயாருகளை மூலநிரலிலையிருந்து கட்டிக்கொண்டு இருந்தனீங்கள்? விசரோ?" என்று சிரித்தார்.

விசர்தான், தம்பி, சுத்தப் பைத்தியம்தான். ஆனால் என்னுடையதல்ல. யாருடையது என்பதைத்தான் எழுதப்போகிறேன். மலருக்கு ஒத்துவராவிட்டால் கன்ரீனில் வடை சுற்றக் கொடுத்துவிடுங்கள், எனக்குக் கோபமில்லை.

நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள். அச்சுவேலிச் சங்கத்துக்குக் கணினி வந்தபோது, வேகமாகத் தட்டுகிறவள் நான்தான் என்று அதை என் மேசையில் வைத்துவிட்டார்கள். பிறகு கொழும்புக்கு அனுப்பி லினக்ஸ் படிப்பித்தார்கள். அங்கே படித்ததில் பாதி விளங்கவில்லை. மீதி இங்கே வந்து, பிழைவிட்டுப் பிழைவிட்டு, பேச்சு வாங்கி வாங்கி விளங்கியது. என் படிப்பு அவ்வளவுதான்.

கணினிச் சங்கதி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மென்பொருள் இரண்டு விதமாகக் கையில் வரும். ஒன்று, ஆயத்தமாக வருவது. மற்றது, எழுதியவர் எழுதிய வரிகள் அப்படியே வருவது. அதுதான் மூலநிரல். அந்த வரிகளைக் கணினி ஓட்டக்கூடியதாக நாங்கள்தான் மாற்றி எடுக்க வேண்டும். அதைத்தான் கொம்பைல் பண்ணுவது என்போம். முதலில் ஒரு கட்டளை கொடுத்தால், தேவையான சாமான்கள் கணினியில் இருக்கின்றனவா என்று பார்க்கும். அடுத்தது 'மேக்'. அதுதான் உண்மையான வேலை. கடைசிக் கட்டளை, வந்ததை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இவை பிழையில்லாமல் ஓடுகிற நாளில் கோயிலுக்குப் போகலாம், அவ்வளவு அருமை.

ஆயத்தமாக வருவதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கரைச்சல் என்றால், எங்கள் பொது முகாமையாளர் அருளம்பலம் சேர். கண்ணால் காணாத எதையும் அவர் நம்பமாட்டார். வீட்டில் மிளகாயும் மல்லியும் வறுத்தால், மில்லுக்கு அவரே கொண்டுபோவார். தூள் இடித்து முடியும்வரை மெசினுக்குப் பக்கத்தில் தும்மிக்கொண்டு நிற்பார். முன்னால் வந்தவருடைய தூள் மெசினுக்குள் மிச்சம் இருக்கும் என்று, முதலில் அதைத் துடைக்கச் சொல்லி மில்காரனோடு சண்டை பிடிப்பார். பக்கற்றில் வரும் தூளைக் கண்ணாலும் பார்க்கமாட்டார்.

நான் முதன்முதல் மூலநிரல் பற்றி அவருக்கு விளக்கியபோது அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்!

"அப்ப உது எங்கடை கண்ணுக்கு முன்னாலை இடிக்கிற தூள். இஞ்சை பாரும் யோகேஸ், இனிமேல் பக்கற்றுச் சாமான் ஒண்டும் இந்தச் சங்கத்துக்குள்ளை வரப்படாது."

அன்று தொடங்கியது சனியன். நான் எதைக் கொம்பைல் பண்ணினாலும் அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் தோளுக்குப் பின்னால் இருந்துவிடுவார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடும். அவருடைய கண்களும் ஓடும். 'வோணிங்' என்று ஒரு வரி வந்தால் போதும், கையை உயர்த்திவிடுவார்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும். எச்சரிக்கை எண்டு போடுது. நீர் பேசாமல் இருக்கிறீர்!"

"அது பரவாயில்லை சேர். எல்லாத்துக்கும் வாறதுதான்."

"எச்சரிச்ச பிறகும் பரவாயில்லை எண்டு போறவன்தான் கிணத்துக்குள்ளை விழுறவன்."

நிறுத்துவேன். விளக்குவேன். திரும்பத் தொடங்குவேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மிச்சங்களை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கும் 'மேக் கிளீன்' என்ற கட்டளையைக் கொழும்பில் எனக்குப் படிப்பித்தவரைவிட அவர் நன்றாக விளங்கிக்கொண்டார். "அதுதானே, மற்றவன்ரை தூள் கலக்கப்படாது" என்றார். பிறகு ஒவ்வொரு தடவையும் அதைப் போடச் சொல்லி என் உயிரை எடுத்தார்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். சேருடைய ஒரே மகள் நிரோஜாவுக்குக் கலியாணம் பேசினார்கள். நிரோஜா வங்கியில் வேலை, கெட்டிக்காரி, வாய்க்காரியும்தான். மாப்பிள்ளை உடுப்பிட்டிப் பெடியன் கஜன், கப்பலில் எஞ்சினியர். பொருத்தம் பார்த்தார்கள், சரி. பிள்ளைகள் இரண்டும் கதைத்துப் பார்த்தார்கள். அதுவும் சரி, கொஞ்சம் கூடுதலாகவே சரி. கஜன் திரும்பக் கப்பல் ஏற முதல் தாலி கட்டிவிட வேண்டும். ஏறினால் மாதக்கணக்கில் வரமாட்டான். அவன் வீட்டார் அதுவரை பொறுக்கமாட்டார்கள், வேறு இடம் பார்ப்போம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

நாள் வைக்கப் போனபோதுதான் பூதம் கிளம்பியது. எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கம். ஒன்று பழைய வாய்பாட்டில் கணிக்கும் வாக்கியம், மற்றது வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தை வைத்துக் கணிக்கும் திருக்கணிதம். ஒன்றில் திதி முடியும்போது மற்றதில் இன்னும் மணிக்கணக்கில் கிடக்கும். ஒரு தெருவில் இந்த வீட்டில் இன்றைக்கு விரதம், அடுத்த வீட்டில் நாளைக்கு விரதம். மாப்பிள்ளை வீடு தலைமுறையாக வாக்கியம். சேர் வீடு திருக்கணிதம். ஒருவர் வைத்த நாளை மற்றவர் வெட்டினார். அவர் வைத்ததை இவர் வெட்டினார். வெட்டி வெட்டி, கஜன் போகும் நாளும் கிட்ட வந்துவிட்டது.

இரண்டு பஞ்சாங்க முறையிலும் கணித்து, இரண்டிலும் நல்லதாக இருக்கும் நேரத்தைத் தேடித்தரும் ஒரு திறந்த மூல மென்பொருளை இணையத்தில் கண்டுபிடித்தது நிரோஜாதான். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, எல்லாரும் பாவிக்கலாம் என்று போட்டு வைத்திருந்தார். ஆயத்தமாகக் கிடையாது, மூலநிரல் மட்டும்தான். சேருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

"இரண்டு பகுதியும் வந்து இருக்கட்டும். அவையளின்ரை கண்ணுக்கு முன்னாலை யோகேஸ் கட்டுவா. பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கணினி அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை பகுதிக்குக் கஜனின் பெரியப்பா கனகசபையர். வெங்காயச் செய்கைக்காரர், மடியில் வாக்கிய பஞ்சாங்கம். பெண் பகுதிக்குச் சேருடைய மனைவியின் தமையன் பரமலிங்கத்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், கக்கத்தில் திருக்கணித பஞ்சாங்கம். ஆளுக்கொரு கதிரை, என் இரண்டு தோளுக்கும் பின்னால். நடுவில் சேர். மூச்சு விடவும் இடமில்லை.

முதற் கட்டளையைக் கொடுத்தேன். கிரகங்களின் இடத்தைக் கணிக்கும் ஒரு லைப்ரரி இல்லை என்று சொன்னது. அதை இறக்கினேன். அதற்கு வேறொன்று வேணுமாம். அதையும் இறக்கினேன்.

"உதுகளை ஆர் எழுதினது, பிள்ளை?" என்று கேட்டார் கனகசபையர்.

"ஆரோ வெள்ளைக்காரர், ஐயா."

"உவங்கள் எந்தப் பஞ்சாங்கம்?"

"ஒண்டும் இல்லை ஐயா. சந்திரன் எங்கை நிக்குது எண்டு மட்டும்தான் சொல்லுவினம்."

"ஆ, அப்ப திருக்கணிதக்காரர்தான்" என்று பரமலிங்கத்தார் நிமிர்ந்து இருந்தார். கனகசபையர் அந்த லைப்ரரியை வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தால் ஒன்றும் ஓடாது என்று விளக்கி, தேத்தண்ணி கொடுத்து, சமாதானம் பண்ணி முடிய மதியமாகிவிட்டது.

ஒருமாதிரி எல்லாச் சாமானும் சேர்ந்தது. இரண்டு பகுதியும் தங்கள் நிபந்தனைகளைச் சொன்னார்கள். நான் தட்டி வைத்தேன். செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, பெண்ணின் நட்சத்திரம் ஆகாது, மாப்பிள்ளைக்குச் சந்திராட்டமம் ஆகாது, அந்த லக்கினம் ஆகாது, இந்த யோகம் ஆகாது. ஒருவர் ஒன்று சொன்னால் தோற்றுப்போகாமல் மற்றவர் இரண்டு சொன்னார். தேடத் தொடங்கும் நாள் அன்றைய திங்கள். முடியும் நாள் கஜன் வெளிக்கிடும் நாள். பிறகு 'மேக்' என்று தட்டினேன். என்ரர் பொத்தானில் விரலை வைக்கப்போனேன்.

"பொறும் பிள்ளை!" கனகசபையர் என் கையைப் பிடிக்காத குறை. "நல்ல காரியம். நேரம் பாக்காமல் தொடங்கிறதோ?"

"ஓம் ஓம், அதுதானே" என்றார் பரமலிங்கத்தார். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் இதுதான்.

இரண்டு பஞ்சாங்கமும் திறந்தன. கனகசபையருக்கு மரணயோகம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முடிந்த நேரத்தில் பரமலிங்கத்தாருக்கு இன்னும் முடியவில்லை. அவருக்கும் முடிந்தபோது கனகசபையருக்கு நவமி தொடங்கிவிட்டது. நாளைக்கு வருவோம் என்று எழும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் செவ்வாய். வந்தார்கள், கதிரையில் இருந்தார்கள், செவ்வாய்க்கிழமை என்று நினைவுபடுத்திக்கொண்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். திரையில் 'மேக்' என்ற சொல்லும், அதற்குப் பக்கத்தில் மினுங்கி மினுங்கி ஒரு சின்னக் கோடும். மேசை துடைக்க வந்த மனோகரியை நான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

"ஐயா, நாள் பாக்கிற சாமானைக் கட்டுறதுக்கு நாள் பாக்கிறதெண்டால், முதல் அந்தச் சாமான் வேணுமெல்லோ?" என்று ஒருதடவை கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு பேரும் யோசித்தார்கள். "ஓம் பிள்ளை, அதுதான் இதிலை உள்ள சிக்கல்" என்றார் பரமலிங்கத்தார், ஏதோ நான் அவருடைய கட்சிக்கு வந்துவிட்ட மாதிரி. எனக்குத் தலையைச் சுவரில் மோதவேண்டும் போல இருந்தது.

புதன்கிழமைதான் உச்சம். கனகசபையர் பஞ்சாங்கத்தை விரித்து, "பதினொரு மணிக்கு மேலை நல்லாயிருக்கு. தொடங்குவம்" என்றார். பரமலிங்கத்தார் தன்னுடையதைப் பார்த்தார். அதிலும் நல்லாய்த்தான் இருந்தது. அவருடைய முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மனுசன் ஓம் என்று சொல்லவில்லை.

"அவர் இவ்வளவு அவசரமாய் ஓம் எண்டால் அதிலை ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு? சொல்லுமன், என்ன இருக்கு?"

"அதை நீர்தான் சொல்லோணும்!"

பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி, யாருடைய தாத்தா யாருடைய செத்தவீட்டுக்கு வரவில்லை என்பதுவரை போய்விட்டது. சேர் இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றார். வெளி விறாந்தையில் கஜனும் நிரோஜாவும் இருந்தார்கள். பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன். லீவு போட்டுவிட்டு வந்தவள் அவள். சத்தம் கூடிய நேரத்தில் நிரோஜா எட்டிப் பார்த்து, "அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம் போய் ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வாறம்" என்றாள். போங்கோ பிள்ளையள், நீங்களாவது குளிருங்கோ என்று அனுப்பிவிட்டேன். சண்டை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. நேரமும் போய்விட்டது.

வியாழன் காலையில் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். பரமலிங்கத்தார் எழும்பி நின்று, கனகசபையருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ட நேரத்திலை தொடங்கினால் என்ன நடக்கும் தெரியுமோ? இந்தா, இந்தப் பொத்தானை, இப்பிடி..."

காட்டுவதற்காக விரலால் குத்தினார். குத்தியது என்ரரில்தான். திரையில் வரிகள் மடமடவென்று ஓடத் தொடங்கின.

"ஐயோ, நிப்பாட்டு பிள்ளை!" என்று அவரே அலறினார்.

"மாட்டன்" என்றேன். என் உத்தியோக காலத்தில் ஒரு பெரிய மனிதருக்கு மாட்டன் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. அவ்வளவு நல்லாயிருந்தது.

மூன்று பேரும் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்கள். வோணிங் வந்தபோதெல்லாம் சேர் கையை உயர்த்தினார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. பாதியில் சிவப்பாக ஒரு வரி வந்தது. பிழை. கொம்பைல் நின்றுவிட்டது. எந்தக் கோப்பு என்று பார்த்தால், போச்சுடா, வாக்கிய முறையைக் கணிக்கும் கோப்பு.

"பாத்தியளோ, எங்கடை பஞ்சாங்கத்தைத்தான் பிழை எண்டுது! திட்டம் போட்டுச் செய்திருக்கினம்!" கனகசபையர் குடையை எடுத்துவிட்டார்.

"பஞ்சாங்கம் பிழையில்லை ஐயா. இதை எழுதினவர் ஒரு சூத்திரத்தை, அது எங்கை கிடக்கெண்டு சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறார். முந்தின கொம்பைலர் பேசாமல் விட்டிடும். இப்பத்தையது விடாது. மேலை ஒரு வரி எழுதினால் சரி."

"வரி எழுதிறதோ?" இந்தத் தடவை பரமலிங்கத்தார். "உள்ளுக்கை கை வைக்கிறதோ? அப்ப உது கலப்படமெல்லோ!"

என்ன சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நான் கற்பூரத்தில் சத்தியம் பண்ண வேண்டும். மனோகரி கற்பூரம் வாங்கி வந்தாள். புகை கணினிக்கு ஆகாது என்று நான் கத்தக் கத்த, சேர் குளிரூட்டியை நிற்பாட்டி யன்னலைத் திறந்தார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் கொளுத்தி வைத்து, "இந்த ஒரு வரியைத் தவிர வேறொண்டும் எழுதமாட்டன்" என்று அடித்துச் சத்தியம் பண்ணினேன். இத்தனை வருடச் சேவையில் சங்கத்துக்காகக்கூட நான் சத்தியம் பண்ணியதில்லை. வரியை எழுதினேன். மூவரும் அதை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். சேர் ஒன்று மட்டும் சொன்னார்: "முதலிலை கிளீன் பண்ணும்." பண்ணினேன். திரும்பவும் மேக். இந்தமுறை நேரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, களைத்துப் போனார்கள்.

பிழையில்லாமல் முடிந்தது. நிறுவினேன். நிபந்தனைகளைக் கொடுத்து ஓட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு வரி.

வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

"புதன்கிழமை. பதினொரு மணியிலையிருந்து மத்தியானம் வரைக்கும். வேறை ஒண்டும் இல்லை."

"எந்தப் புதன்?" என்றார் சேர்.

"நேற்று, சேர்."

இரண்டு பஞ்சாங்கமும், இரண்டு குடும்பமும், அவர்கள் அடுக்கிய அவ்வளவு நிபந்தனையும் ஒன்றாக ஓம் என்று சொன்ன ஒரே நேரம். அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் இதே அறையில் நின்று செத்தவீட்டுக் கதை கதைத்தோம்.

சேர் கதிரையில் இருந்துவிட்டார். "என்ரை பிள்ளையின்ரை நேரத்தை நான் இஞ்சை இருந்து வீணாக்கிப் போட்டன், யோகேஸ்" என்றார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. பரமலிங்கத்தாரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

கனகசபையர் பஞ்சாங்கத்தை மடியில் கட்டினார். "சரி, கடவுள் காட்டிப்போட்டார். இது சரிவராத சம்பந்தம். பெடியன் கப்பலுக்குப் போகட்டும். பிறகு பாப்பம்." பிறகு பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"கொஞ்சம் இருங்கோ." வாசலில் நிரோஜா. பின்னால் கஜன், உயரமான பெடியன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "நேற்று நாங்கள் ஐஸ்கிறீம் குடிக்கப் போகேல்லை. பதிவாளர் வீட்டை போய்க் கலியாண எழுத்து எழுதிப் போட்டம். நாள் கிட்டவாக் கிட்டவாப் பயமாயிருந்தது, முதலே அறிவித்தல் குடுத்து வைச்சனாங்கள்."

ஒருவரும் அவளை ஏசவில்லை. இரண்டு பெரிய மனிதரும் ஒரே குரலில் கேட்டது ஒரு கேள்விதான்.

"எத்தினை மணிக்கு?"

"பதிவாளர் மாட்டைத் தேடிப் போயிருந்தவர். அவர் வர பதினொண்டரை தாண்டிப் போச்சு."

இரண்டு பஞ்சாங்கமும் திரும்பத் திறந்தன. விரல்கள் ஓடின. இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, நாலு நாளாக இல்லாத ஒற்றுமையோடு, என்னைப் பார்த்தார்கள்.

"உவ திருத்திப் போட்டா" என்றார் பரமலிங்கத்தார்.

"அந்த ஒரு வரி!" என்றார் கனகசபையர். "அதுக்குள்ளைதான் விசயம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கற்பூரம் அணைந்து இன்னும் சூடு போகவில்லை! நான் எழும்ப முதல் சேர் எழும்பிவிட்டார்.

"நான் பாத்தன். ஒவ்வொரு வரியாய்ப் பாத்தன். அவ ஒண்டும் திருத்தேல்லை."

அவர் சொன்ன விதத்தில் இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். சேர் மகளிடம் போனார். நான் பயந்தே போனேன். கை நீட்டிவிடுவாரோ என்று கஜனும் ஒரு எட்டு முன்னுக்கு வந்தான். சேர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன உடுத்திக்கொண்டு போனனி, பிள்ளை?"

"வேலைக்கு உடுக்கிற சீலைதான், அப்பா. அந்தப் பச்சை."

"பூ வைச்சனியோ?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதுவரை வாயடித்துக்கொண்டு நின்றவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். சேரும் அழுதார். நானும் அழுதேன்; மனோகரி ஏன் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. கஜன் வந்து காலில் விழுந்தான், அவளும் விழுந்தாள். சேர் இரண்டு பேருடைய தலையிலும் கையை வைத்து, நல்லாயிருங்கோ, நல்லாயிருங்கோ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. நல்ல இராகு காலம். அது அந்த இரண்டு பேருக்கும் தெரியாமலா இருக்கும்? பஞ்சாங்கத்தை மூடி வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.